சாவு வீட்டுக்கு ஒரு மானிட்டர்

சாவு வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத ஆட்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அழ வருகிறவர்கள் அழுவார்கள். சமைக்கத் தெரிந்தவர்கள் பின்பக்கம் போய்க் கோப்பி கலக்குவார்கள். மற்றவர்கள் கூடாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செம்பனை விலையைப் பற்றி மெதுவாகப் பேசுவார்கள். இந்த ஆட்களுக்கு மட்டும் கை அரித்துக்கொண்டே இருக்கும். நாற்காலியை நகர்த்துவார்கள், காத்தாடியைத் திருப்புவார்கள், யாரும் கேட்காத இடத்தில் ஒரு வயரை இழுப்பார்கள்.

நான் அந்த ரகம். அதுவும் செத்தது என் அப்பா. அரிப்புக்குக் கேட்கவா வேண்டும்?

அப்பா பெயர் வீரையா. தோட்டத்தில் செம்பனை லோரி ஓட்டியவர். லோரி சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் தனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் பேசுவார். அதாவது அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் சேர்த்து. வேலையிலிருந்து நின்ற பிறகு குருண் ஊரில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் எங்களோடு இருந்தார். நுரையீரலில் சளி கட்டி அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வருவார் என்றுதான் நினைத்தோம். வரவில்லை.

சிக்கல் அண்ணனால் வந்தது. பாவம், அவர் பேரில் தப்பு ஒன்றுமில்லை. அண்ணன் செல்வம் சரவாக்கில், மீரிக்கு அப்பால் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை செய்தார். அங்கிருந்து கரைக்கு வர ஹெலிகாப்டர்தான். அந்த வாரம் கடலில் புயல், ஹெலிகாப்டர் பறக்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கண் விழித்திருந்த கடைசி சாயங்காலம், "செல்வத்துக்குப் போன் போடு" என்றார். போட்டேன். வேலை நேரத்தில் அங்கே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டுமாம். அடித்து அடித்து நின்றது. அண்ணன் திரும்ப அழைத்தபோது அப்பாவுக்கு வாயில் குழாய் போட்டிருந்தார்கள்.

அதனால் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எனக்காக அப்பாவ வெச்சிக்கிட்டு இருக்காதீங்க தம்பி. மூடறதுக்கு முன்னாடி மொகத்த மட்டும் நல்லா காட்டு. அது போதும்."

இதற்கு ஒரு கைப்போன் போதும். என் மனைவி லதா சொன்னாள், சித்தப்பா சொன்னார், கூடாரம் போட வந்த பையன்கூடச் சொன்னான். ஆனால் நான் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். அங்கே பிரிண்டர் மக்கர் பண்ணினால் அணைத்துத் திரும்பப் போடுவது நான்தான். அந்தத் தகுதியில் குடும்பத்தில் எனக்குக் 'கம்ப்யூட்டர்காரன்' என்று பெயர். அண்ணன் மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். அவரை உள்ளங்கை அளவு திரையில் அடைத்து ஆள் ஆளுக்குக் கைமாற்றிக்கொண்டிருப்பதா? அவர் பெரிதாக, ஒரு ஆளாக அந்த ஹாலில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் பெரிய டிவி இருந்தது. அது அப்பாவின் தலைக்கு நேர் மேலே சுவரில் முறுக்கி மாட்டியிருந்தது. "செத்தவர் தலைக்கு மேல பையன் மொகம் மெதந்துகிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று சித்தப்பா கேட்டார். மெர்போக் பக்கம் கித்தாத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற சித்தப்பா அதிகம் பேசாதவர். பேசினால் சரியாக இருக்கும். என்னிடம் ஒரு புது லேப்டாப் இருந்தது, அதன் திரை சின்னது. அப்போதுதான் ஸ்டோர் அறையில் அரிசிப் பானைக்குப் பின்னால் துணி போட்டு மூடி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது.

அது திரையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பாக இருக்கிற வகை. நான் படித்த காலத்தில் வாங்கியது. பிறகு அப்பாவின் சொத்தாகிவிட்டது. செய்தி பார்ப்பார், சீட்டு விளையாடுவார். அவர் காதுக்காக இரண்டு பக்கமும் கல்யாண மண்டபத்துக்குப் போதுமான ஸ்பீக்கர் வாங்கி வைத்திருந்தேன். நாளாக நாளாக அது எழுந்து வருவதற்குள் அப்பா ஒரு தூக்கம் போட்டுவிடுவார் என்கிற நிலைக்கு வந்ததால் ஸ்டோருக்குப் போனது. ஆனால் திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. மூளை போனால் என்ன, முகம் நன்றாக இருக்கிறதே, இதை லேப்டாப்புக்கு மானிட்டராக வைத்துவிடலாம் என்று தோன்றியது.

(இந்த இடத்தில் என் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.)

அன்று காலை, ஹாலில் அப்பா பெட்டிக்குள் படுத்திருக்க, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அழ, மூத்தவர் இல்லாத வீட்டில் கொள்ளி வைக்கப்போகும் இளையவன் நான் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேபிள் செருகிக்கொண்டிருந்தேன். செருகினேன், ஒன்றும் தெரியவில்லை. திருப்பிச் செருகினேன், அப்போதும் இல்லை. பிறகு போனில் ஒரு வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன்: பழைய கம்ப்யூட்டரில் இருக்கிற அந்த ஓட்டை படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டும்தானாம். வெளியிலிருந்து வாங்காதாம். இரண்டு வாயையும் ஒட்ட வைத்துவிட்டு யார் சாப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறேன்.

லதா எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க பண்றீங்க? வெளிய ஜனங்க உங்கள கேக்கறாங்க."

"அண்ணனுக்காக ஒரு வேலை. இதோ ஆச்சு."

"கைப்போன்ல காட்டினா போதும்லா."

"நீ போ. வயர் இல்லாமலே செய்யலாமாம்."

செய்யலாம்தான். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால், லேப்டாப்பில் தெரிவதைக் காற்றிலேயே பழைய கம்ப்யூட்டரின் திரைக்கு அனுப்புகிற வசதி ஒன்று அதற்குள் இருந்தது. எதையோ இறக்கச் சொன்னது, இறக்கினேன். அனுமதிக்கவா என்று கேட்டது, எல்லாவற்றையும் அனுமதித்தேன். திடீரென்று பழைய திரை முழுக்க என் புது லேப்டாப் விரிந்தது. சத்தமும் அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் வந்தது. அப்பா செத்த பிறகு நான் சந்தோஷப்பட்ட முதல் நிமிஷம் அதுதான். சொல்லவே கேவலமாக இருக்கிறது.

அப்பாவின் கால் பக்கம் ஒரு மேசை போட்டு அதன் மேல் பழைய கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கர்களையும் வைத்தேன். தலைமாட்டில் ஒரு முக்காலி, அதன் மேல் லேப்டாப். லேப்டாப்பின் கேமரா வழியாக அண்ணன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் பெரிய திரையில் அண்ணனைப் பார்ப்போம். அப்பாவின் காலடியில் மூத்த மகன் நிற்கிற மாதிரியே இருக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

திரையில் அண்ணன் வந்தார். ஆரஞ்சு நிற வேலைச்சட்டை, ஹெல்மெட் வைத்து அழுந்திய முடி, பின்னால் இரும்புச் சுவர். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கை முஷ்டியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். ஹாலில் இருந்த பெண்கள் எல்லாரும் திரையைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதார்கள். சித்தப்பாகூட என் தோளைத் தட்டி, "நல்ல வேலை பண்ண," என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அத்தோடு சரி.

முதல் அறிகுறி ஜித்ராவிலிருந்து வந்த அத்தை. அப்பாவின் தங்கை. அவர் வருவதற்குச் சற்று முன்னால்தான் கடல் காற்றில் அண்ணனின் லைன் திணறி, படம் அப்படியே உறைந்து நின்றது. வாய் மூடி, கண் நேராகப் பார்த்து, அச்சாக ஒரு போட்டோ. அந்த மேசையில் இடம் இருக்கிறதே என்று யாரோ ஒரு புண்ணியவதி விளக்கையும் ஊதுபத்தியையும் அதற்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அத்தை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதுகொண்டு வந்தவர், பெட்டியைப் பார்த்தார், பிறகு விளக்குக்குப் பின்னால் அண்ணனைப் பார்த்தார்.

"ஐயோ, செல்வமுமா?"

அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தூக்கி வளர்த்த பிள்ளை, கடல் கொண்டுபோய்விட்டது, எனக்கு யாருமே சொல்லலையே என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார். அத்தை அழுவதைப் பார்த்து விவரம் தெரியாத இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து லைன் சரியானது.

"அத்தை, நான் உயிரோடதான் இருக்கேன்," என்றது போட்டோ.

அத்தைக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். லதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் விளக்கை எடுத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

காரியம் செய்து வைக்கும் ஐயா தேவாரம் பாடி முடித்தார். வாய்க்கரிசி போட எல்லாரும் வரிசையாக வந்தார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. நான் அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தேன். அண்ணனும் அங்கே ஒரு பிடி அரிசி கையில் வைத்திருந்தார். மேடையின் சமையல்காரரிடம் கேட்டு வாங்கினாராம். அவர் அதைத் திரைக்கு முன்னால் நீட்டினார். வெளியே சவ ஊர்தியைத் தயார் செய்துவிட்டு அதன் டிரைவர் பெட்டி மூடியோடு உள்ளே வந்து நிற்கிறார்.

அப்போது அப்பா பேசினார்.

"டேய் வீரையா. படுத்தது போதும். எந்திரி."

அதே குரல். லோரிக்கு மேலே கேட்கிற குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அடுத்து நடந்ததை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஏனென்றால் நானும் மற்றவர்களைப் போலப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த அரிசி அப்பாவின் சட்டை முழுக்கச் சிதறியது. பின்னால் நாற்காலிகள் விழுகிற சத்தம் கேட்டது. ஊர்தி டிரைவர் மூடியைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்துவிட்டார். ஜித்ரா அத்தை, சற்று முன் நடக்கவே முடியாமல் இருந்தவர், கூடாரத்தைத் தாண்டி ரோட்டில் நின்றார். காரியம் செய்கிற ஐயா கண்ணை இறுக மூடிக்கொண்டு, முடித்துவிட்ட பதிகத்தை முதலிலிருந்து பாட ஆரம்பித்தார்.

அம்மா மட்டும் அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பதினொண்ணாச்சா?" என்றார்.

அவ்வளவுதான். பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று மூன்று பெண்கள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். "இல்லைமா, நான் சொல்றத கேளுங்க," என்று அம்மா ஏதோ சொல்ல வந்தார். ஒருத்தி அம்மாவின் முகத்தைத் தன் தோளில் அழுத்தி வாயை அடைத்தேவிட்டாள்.

ஆனால் இதெல்லாம் பெரிதில்லை. திரையில் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி. அப்பா பேசுறாரு. அப்பா பேசுறாருடா."

"அண்ணே..."

"பெட்டிய மூடாதீங்க. யாரும் தொடாதீங்க. டாக்டர கூப்பிடு. அப்பாவுக்கு உயிரு இருக்கு."

அந்த ஸ்பீக்கரில் அண்ணனின் குரல் தெருக்கோடி வரை போயிற்று. அப்பாவின் சாவுச் சான்றிதழ் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தவர். எனக்கு அது தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஹாலில் ஒருவருக்கும் "இல்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. நாங்களும்தான் கேட்டோமே. அப்பாவின் பெயரை அப்பாவின் குரலே கூப்பிட்டதே. நான் குனிந்து அப்பாவின் நெற்றியைத் தொட்டேன். ஐஸ். இருந்தாலும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"தம்பி, நான் கெஞ்சறேன்டா. டாக்டர கூப்பிடு," என்றார் அண்ணன்.

சித்தப்பா மறுபேச்சில்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைவரிசையில் இருந்த கிளினிக்குக்குப் போனார். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. வயதானவர். தாமான் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டவர். என்ன அவசரம் என்று சித்தப்பா வழியில் எப்படி விளக்கினாரோ தெரியாது. ஹெல்மெட்டோடு உள்ளே வந்தவர் பெட்டி, மாலை, விளக்கு, வாய்க்கரிசி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் திரையைக் காட்டினேன். திரையில் அண்ணன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றிருந்தார். டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

செத்துப்போன ஒரு மனிதனின் நெஞ்சில் ஒரு டாக்டர் இவ்வளவு நிதானமாக வைத்துக் கேட்டதை நான் பார்த்ததில்லை. சட்டைப் பட்டனை மெதுவாகக் கழற்றினார். சிதறிக் கிடந்த அரிசியை விரலால் ஒதுக்கினார். இடது பக்கம் வைத்தார். வலது பக்கம் வைத்தார். கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கழுத்தில் இரண்டு விரலை வைத்துத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணனுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் ஒவ்வொன்றையும் செய்தார் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. கடைசியில் லேப்டாப்பின் கேமராவைப் பார்த்து மலாயில், "மாஃப் யா. டியா சுடா தாடா," என்றார். மன்னிச்சுக்கோப்பா, அவர் இல்லை.

"ஸெக்காலி லாகி, டாக்டர்," என்றார் அண்ணன். இன்னொரு தடவை மட்டும்.

டாக்டர் மறுபடி குனிந்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் எந்திரிக்கலையா? நான் கத்தறது காதுல விழலையா?"

டாக்டர் பின்னால் துள்ளி, அவர் வந்த தைரியத்தில் திரும்ப உள்ளே வந்து நின்ற ஊர்தி டிரைவரின் மேல் போய் விழுந்தார். டிரைவரின் கையில் இருந்த மூடி கீழே விழுந்தது. ரோட்டில் ஜித்ரா அத்தை ஓவென்று கத்தினார்.

எனக்கு மட்டும் அந்த இரண்டாவது வரி எங்கேயோ இடித்தது. "நான் கத்தறது காதுல விழலையா." இந்த வரியை அப்பா சொன்னபோது நான் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் கோவமா சொல்லுங்கப்பா," என்று நானே சொன்னேன்.

ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. பதினோரு மணிக்கு அதைப் போட வேண்டிய நேரத்தில் சோபாவில் படுத்துத் தூங்கிவிடுவார். "கம்ப்யூட்டர் எழுப்பாதா?" என்று கேட்டார். எழுப்பும் என்று சொல்லி ஒரு மணிச் சத்தம் வைத்துக் கொடுத்தேன். மணிக்கெல்லாம் எழ மாட்டேன் என்றார். அம்மாவின் குரலில் வைத்தேன், அதற்கும் எழவில்லை. "நான் யாரு பேச்சயும் கேக்கறவன் இல்ல. என் பேச்சத்தான் கேப்பேன்," என்று சொல்லி அவரே பதிவு செய்தார். முதல் தடவை எழாவிட்டால் சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை. கம்ப்யூட்டர் ஸ்டோருக்குப் போனது. அப்பா மாத்திரையை அம்மா கையால் வாங்கிப் போட ஆரம்பித்தார். நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

மானிட்டர் என்றால் அது வெறும் கண்ணாடி. கொடுத்ததைக் காட்டும். நான் கொண்டுவந்து வைத்தது மானிட்டர் இல்லை. அது ஒரு முழுக் கம்ப்யூட்டர். மேலே என் லேப்டாப் படத்தைப் போர்த்திக்கொண்டு, உள்ளே அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினோரு மணி ஆனால் வீரையாவை எழுப்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லியிருந்தது. வீரையா செத்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை.

ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை இருண்டது. அண்ணனின் பெரிய முகமும் அதோடு போய்விட்டது. அப்புறம் அப்பாவின் தலைமாட்டில் இருந்த லேப்டாப்பிலிருந்து, அதன் சின்ன ஸ்பீக்கரில், ரொம்பத் தூரத்திலிருந்து மாதிரி அண்ணனின் குரல் வந்தது.

"தம்பி? என்னா ஆச்சு? அப்பா என்னா சொன்னாரு?"

நான் முக்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான ஒரு வாக்கியத்தை நான் இதுவரை சொன்னதில்லை.

"அண்ணே, அது ரெக்கார்டிங். மாத்திரை போட எழுப்பறதுக்கு நான் வெச்சது. பழைய கம்ப்யூட்டர்ல இருந்திருக்கு. எனக்கு ஞாபகம் இல்ல."

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி லைன் உறைந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, பின்னால் சுவரில் மாட்டியிருந்த துண்டு ஏர்கான் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கை தானாகத் திறந்து, அதில் இருந்த அரிசி மேசையில் விழுந்தது.

"சரி," என்றார். "மூடுங்க."

அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. அம்மா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் கொட்டியது.

"அதத்தானே நான் அப்பவே சொன்னேன். மணி பதினொண்ணாச்சான்னு கேட்டேனே. யாரு கேட்டீங்க?" என்றார் அம்மா. அப்புறம் பெட்டியைப் பார்த்து, "கடைசியில ஒன் பேச்சயும் நீ கேக்கல பாரு," என்று சொல்லிவிட்டு, சிரிப்பு எங்கே முடிந்தது அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியாதபடி அழுதார். பிடித்துக்கொண்டிருந்த பெண்களும் அழுதார்கள். டாக்டரும் ஒரு நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லதா தன் கைப்போனை எடுத்தாள், அண்ணனை அழைத்தாள், அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அண்ணன் மேசையில் விழுந்த அரிசியைப் பொறுக்கி எடுத்து நீட்டினார். அவருக்குப் பதிலாக நான் போட்டேன். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கைகூட ஆடாமல் பிடித்திருந்தாள்.

பெட்டியை மூடி ஊர்தியில் ஏற்றியதும் டிரைவர் என்னிடம் வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "தம்பி, அந்தக் கம்ப்யூட்டரயும் ஏத்தணுமா?"

சுடலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் போய்விட்டிருந்தது. வேறொரு குடும்பம் உள்ளே இருந்தது. அவர்கள் முடிக்கும்வரை வெளியே மழைமரத்தடியில் அப்பாவோடு காத்திருந்தோம். சொந்தக்காரர்கள் யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை. நின்றால் நானும் ஏதாவது பேசிவிடுவேனோ என்று பயந்த மாதிரி இருந்தது.

புயல் விட்ட பிறகு அண்ணன் வந்து சேர்ந்தார். சாம்பல் கரைக்க மெர்போக் ஆற்றுக்கு நானும் அவரும் ஒரே காடியில் போனோம். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே செம்பனை மரங்களைப் பார்த்தபடி வந்தார்.

"டாக்டர் வர்ற வரைக்கும் எனக்கு அப்பா இருந்தாருடா," என்றார்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"எல்லாரும் ஆஸ்பத்திரியில அவர பாத்துட்டீங்க, பேசிட்டீங்க. எனக்கு அந்த நேரம்தான் கெடச்சுது. நெறைய பேசினேன் அவர்கிட்ட. மனசுக்குள்ள." சட்டியின் மேல் கட்டியிருந்த துணியைச் சரி செய்தார். "ஆனா நீ இனிமே எந்தச் சாவுக்கும் எந்த வயரையும் தொடாத."

வேலைக்குத் திரும்பும்போது அந்தக் குரலைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தேன். கேட்கிறாரா இல்லையா என்று இதுவரை நான் கேட்டதில்லை. கம்ப்யூட்டரை வேண்டுமானால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு வேணாம்பா. அந்தாளு கத்தனது இன்னும் காதுலயே இருக்கு. அதுக்கு எதுக்குக் கரெண்டு பில்லு?" என்றார். பழைய சாமான் வாங்குகிற லோரி வந்தபோது அதை ஏற்றிவிட்டேன். ஏற்றுவதற்கு முன் அந்தப் பதினோரு மணியை எடுத்துவிட்டேனா என்று நான்கு தடவை பார்த்தேன். குருணில் இன்னொரு குடும்பம் அதைத் தாங்காது.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் எந்தத் துக்கத்துக்குப் போனாலும், நான் நுழைந்தவுடன் யாராவது ஒருவர் எழுந்து சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். பகலில் யாராவது அசந்து தூங்கினால், "எதுக்கும் டாக்டர ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்துடலாம்," என்பது எங்கள் வீட்டில் பேச்சாகவே ஆகிவிட்டது. என் மகள் பள்ளியில் தூங்கிய தோழியிடம் இதைச் சொல்லப்போய், ஆசிரியை என்னை அழைத்து விசாரித்தார்.

போன வருஷம் அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன். முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண் மூடியிருந்தது. ரொம்ப நேரம் அசையவே இல்லை. மெதுவாக முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"இருக்கேன்டா," என்றார். "ஒன் பையில கம்ப்யூட்டர் ஏதாச்சும் இருந்தா, மொதல்ல அத வெளிய வெச்சிட்டு வா."